ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் காலி... கோணல் ஹால் சுவரை என்ன செய்யலாம்?

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் வருகிற ஹால்களைக் கவனித்துப் பாருங்கள். சுவரின் நட்ட நடுவில் டிவி. வெளிநாட்டு வீடாக இருந்தால் ஃபயர்பிளேஸ். அதற்கு இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி இரண்டு அலமாரி, இரண்டு விளக்கு, இரண்டு செடி. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

இப்போது தலையைத் தூக்கி உங்கள் வீட்டு ஹாலைப் பாருங்கள். இடது ஓரத்தில் பெட்ரூம் கதவு. கதவை ஒட்டி சுவிட்ச் போர்டு. அதற்கு மேலே காலிங் பெல் பெட்டி. டிவிக்கான பிளக் பாயின்ட், எலெக்ட்ரீஷியன் அன்றைக்கு எந்த மூடில் இருந்தாரோ அந்த மூடுக்கு ஏற்ற இடத்தில். வலது பக்கம் மட்டும் மைதானம் மாதிரி காலியாகக் கிடக்கும். நடுவில் டிவியை மாட்டினால் கதவோடு இடிக்கிற மாதிரி இருக்கும். தள்ளி மாட்டினால் அறையே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும். "சோபாவை நாலு தடவை நகர்த்திப் பார்த்தாச்சு, ஆனாலும் ஏதோ ஒண்ணு உறுத்துது" என்று புதுவீட்டுக்காரர்கள் புலம்புவது இதனால்தான்.

உறுத்துவது உங்கள் ரசனை அல்ல, சுவரின் கணக்கு. அதைச் சரி செய்ய இன்ச் டேப், பழைய நியூஸ்பேப்பர், கொஞ்சம் பொறுமை போதும். மாடுலர் யூனிட்டுக்கு கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஏனென்றால், கோணலான சுவரில் விலை உயர்ந்த யூனிட்டை மாட்டினால், அது விலை உயர்ந்த கோணலாகத்தான் இருக்கும்!

இந்தக் கோணல் எங்கிருந்து வந்தது?

அபார்ட்மென்ட்டில் ஹால் என்பது அறை மட்டுமல்ல, வழியும்கூட. பெட்ரூம், கிச்சன், பாத்ரூம் எல்லாவற்றுக்கும் ஹாலில் இருந்துதான் போக வேண்டும். பிளான் போடும்போது பெட்ரூமில் கட்டிலும் வார்ட்ரோபும் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கதவுகள் எல்லாம் வந்து திறக்கிற சுவர் என்ன ஆனது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஹால் சுவருக்கு மிச்சம் மீதிதான்.

பழைய தனி வீடுகளில் வேறு கதை. 80கள், 90களில் கட்டிய வீடுகளில் ஹால் சுவரிலேயே கான்கிரீட் ஸ்லாப் வைத்து ஷோகேஸ் கட்டியிருப்பார்கள். கண்ணாடிக் கதவுக்குள் தாஜ்மஹால் பொம்மை, ஸ்கூலில் வாங்கிய கப், தலையாட்டி பொம்மை. ஓரமாக ஒரு பெரிய சதுரப் பொந்து இருக்கும். அது 21 இன்ச் டப்பா டிவிக்காக விட்ட இடம். டிவி தட்டையாகிவிட்டது, பொந்து மட்டும் அப்படியே இருக்கிறது.

சுவாரஸ்யம் என்னவென்றால், கனடாவிலும் அமெரிக்காவிலும் அதே காலத்தில் கட்டிய பல வீடுகளுக்கும் இதே தலைவலி. அங்கே ஃபயர்பிளேஸை சுவரின் ஒரு பக்கம் தள்ளி வைத்து, அதற்குப் பக்கத்திலோ மேலேயோ டப்பா டிவிக்கு ஆழமான பொந்து விட்டார்கள். டொரோன்டோ பக்கம் வீடு வாங்கிய நம் சொந்தக்காரர்கள் வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, அந்தச் சுவர் வந்ததும் கேமராவை வேகமாக நகர்த்துவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்!

லண்டனில் இன்னொரு விதம. அங்கே பழைய வரிசை வீடுகளில் புகைபோக்கி செல்லும் பகுதி சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் பள்ளம். இரண்டு பள்ளமும் ஒரே அகலத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. 1952-ல் லண்டனை மூச்சுத்திணற வைத்த புகைமூட்டத்துக்குப் பிறகு, 1956-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. நிலக்கரிப் புகைக்குக் கட்டுப்பாடு, பிறகு வீடெங்கும் ரேடியேட்டர். நெருப்பு போய்விட்டது, துருத்தல் மட்டும் மிச்சம்.

நம்மூரிலும் ஃபயர்பிளேஸ் உண்டு. ஊட்டியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் கட்டிய 'ஸ்டோன்ஹவுஸ்', இன்றைக்கு அரசு கலைக் கல்லூரியாக இருக்கிறது. அந்தக் காலம் தொடங்கி ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் எழும்பிய பங்களாக்களில் கணப்பு இல்லாத ஹால் அபூர்வம். இன்று அவற்றில் பல ஹோம்ஸ்டேயாக மாறிவிட்டன. பெரிய அறையைத் தடுத்து இரண்டாக்கியதில், நடுவில் இருந்த கணப்பு ஓரத்துக்குப் போய்விட்ட அறைகளும் உண்டு.

"அப்போ இடிச்சுக் கட்டிடலாமா?" என்றால், வேண்டாம். குறிப்பாக, புதிய அடுக்குமாடிகளில் 'மிவான்' முறையில், அதாவது அலுமினிய அச்சு வைத்து சுவரையே கான்கிரீட்டாக ஊற்றிக் கட்டுகிறார்கள். அங்கே சுவர்தான் தூண். கதவை ஓர் அடி நகர்த்துவது என்பது கட்டடத்தின் எலும்பை வெட்டுவது. வயர் புதைக்க காடி எடுப்பதுகூடக் கூடாது. பழைய புகைபோக்கியும் அப்படித்தான். மேல் மாடி வரை தொடர்ந்து போகும் அதைக் கீழே மட்டும் உடைத்தால், மேலே தொங்குவது யார் தலையில் விழும் என்று யோசிக்க வேண்டும்.

வெள்ளிக்கோல் கணக்கு

நம் கண்ணுக்கு சமச்சீர் பழகிப்போன விஷயம். வாசலில் கோலம், கோபுரம், திண்ணையின் இரண்டு தூண், குத்துவிளக்கு ஜோடி. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் 'அம்சமா இருக்கு' என்போம். ஆனால் சமச்சீர் வேறு, சமநிலை வேறு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு தட்டுத் தராசில் இரண்டு பக்கமும் ஒரே எடை வைக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கோல் என்று ஒன்று இருந்தது. தூக்குக்கோல் என்றும் சொல்வார்கள். அதில் பிடி நடுவில் இருக்காது. குட்டைக் கைப் பக்கம் பெரிய மூட்டை தொங்கும், நீளக் கைப் பக்கம் சின்ன எடை தொங்கும். ஆனாலும் கோல் நேராக நிற்கும். பார்த்ததில்லை என்றால் பார்க்கில் இருக்கும் சீசாவை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு அண்ணன் நடுவை ஒட்டி உட்கார்ந்தால், ஒல்லித் தம்பி கடைசி ஓரத்தில் உட்கார்ந்து சமாளித்துவிடுவான்.

சுவரிலும் அதேதான். ஒவ்வொரு பொருளுக்கும் கண்ணில் ஓர் எடை உண்டு. அடர் நிறம் கனம், வெளிர் நிறம் லேசு. உயரமானது கனம். பளபளப்பு, நெருக்கமான டிசைன் எல்லாம் கனம். அணைத்து வைத்த டிவி என்பது சுவரில் ஒரு கறுப்புச் செவ்வகம், ஆகவே செம கனம். தேக்கு நிற பெட்ரூம் கதவு, ஏழடி உயரத்துக்கு இன்னொரு கனம். இந்த இரண்டு கனமும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்டால்தான் அறை சாய்ந்த மாதிரி தெரிகிறது.

ஜப்பானியர்கள் இதில் கில்லாடிகள். அவர்களுடைய பாரம்பரிய விருந்தினர் அறையில் 'டோகோனோமா' என்று ஒரு மாடம் இருக்கும். ஒரு பக்கம் ஓவியம் தொங்கும் ஆழமான மாடம், பக்கத்தில் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கிய படி மாதிரி அலமாரிகள், இரண்டுக்கும் நடுவில் ஒரு மரத் தூண். வேண்டுமென்றே ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் காலி. அந்தக் காலி இடத்தை நிரப்ப வேண்டும் என்று யாரும் பதறுவதில்லை. நம் வீடுகளில் காலி இடம் கண்ணில் பட்டால் போதும், ஒரு காலண்டர் வந்துவிடும்!

இன்ச் டேப்பை எடுங்கள்

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் சுவரின் அகலம் 12 அடி, அதாவது 144 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். இடது மூலையில் இருந்து 42 இன்ச் வரை பெட்ரூம் கதவும் அதன் நிலையும். டிவி 43 இன்ச். இந்த 43 என்பது மூலைக்கு மூலை அளவு. உண்மையான அகலம் சுமார் 38 இன்ச்தான். கடையில் 55 இன்ச் என்று சொல்லும் டிவியின் அகலமும் 48 இன்ச் அளவுக்குத்தான் வரும். யூனிட் அளவு சொல்லும்போது இதில் குழம்புகிறவர்கள் நிறைய.

முதல் வழி, முழுச் சுவரின் நடுவில் மாட்டுவது. நடு என்பது 72-வது இன்ச். அப்போது கதவு நிலைக்கும் டிவிக்கும் நடுவில் வெறும் 11 இன்ச். வலது பக்கம் 53 இன்ச் காலி. கதவும் டிவியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். இது உறுத்தும்.

இரண்டாவது வழி, கதவைக் கழித்துவிட்டு மிச்சச் சுவரின் நடுவில் மாட்டுவது. பெரும்பாலான கார்பென்டர்கள் இதைத்தான் செய்வார்கள். மிச்சம் 102 இன்ச், அதன் நடு 93-வது இன்ச்சில் வரும். டிவிக்கு இரண்டு பக்கமும் 32 இன்ச் சமமாகக் கிடைக்கும். நல்லாத்தானே இருக்கு? எதிரில் சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். அறையின் நடுவில் இருந்து டிவி 21 இன்ச் தள்ளிப்போயிருக்கும். ஃபேன் ஓர் இடம், டிவி ஓர் இடம், சோபா ஓர் இடம். சோபாவையும் அதே 21 இன்ச் நகர்த்த இடம் இருந்தால் பிரச்னை இல்லை. சின்ன ஹாலில் பெரும்பாலும் இருக்காது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. கதவை எதிரியாகப் பார்க்காமல், அதற்கு ஒரு ஜோடி தேடுவது. வலது மூலையில் 30 இன்ச் அகலத்தில், கதவு நிலையின் உயரத்துக்கே ஓர் ஒல்லியான புத்தக அலமாரி வையுங்கள். இடது பக்கம் 42 இன்ச் கதவு, வலது பக்கம் 30 இன்ச் அலமாரி. நடுவில் மிஞ்சுவது 72 இன்ச். அதன் நடுவில் டிவியை வைத்தால், அது 78-வது இன்ச்சில் வருகிறது. அறையின் நடுவிலிருந்து வெறும் 6 இன்ச்தான் விலகல், சோபாவை லேசாகத் தள்ளினால் சரியாகிவிடும். டிவிக்கு இரண்டு பக்கமும் 17 இன்ச் இடம். இடது பக்கத்து 17 இன்ச்சில் சுவிட்ச் போர்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடும்.

கதவும் அலமாரியும் ஒரே அகலம் இல்லை, ஒரே பொருளும் இல்லை. ஆனால் ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே நிறம். கண்ணுக்கு அது போதும். அலமாரி வாங்க இப்போதைக்கு பட்ஜெட் இல்லையா? ஓர் உயரமான ஸ்டாண்டிங் லேம்ப்பும், பெரிய தொட்டியில் ஒரு ரப்பர் செடியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும். உயரம்தான் முக்கியம். கதவுக்கு எதிர்ப்பக்கம் இரண்டடி ஸ்டூலில் ஒரு குட்டி மணி பிளான்ட் வைத்துவிட்டு பேலன்ஸ் வரவில்லை என்றால், தப்பு செடி மேல் இல்லை.

உங்கள் சுவரின் அளவு இதுவாக இருக்காது. கணக்கு மட்டும் இதுதான். எதையும் வாங்குவதற்கு முன்னால் நியூஸ்பேப்பரை டிவி அளவுக்கும் அலமாரி அளவுக்கும் வெட்டி, செல்லோடேப் போட்டு சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. பிறகு போனில் ஒரு போட்டோ எடுத்து, எடிட்டில் போய் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல், திருப்பிய படத்தில் பளிச்சென்று தெரியும். பிளாக் அண்ட் ஒயிட்டாக மாற்றினால் எந்தப் பக்கம் கனம் என்பதும் புரியும்.

டிவி எவ்வளவு உயரத்தில்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையில் இருந்து 40 முதல் 42 இன்ச் உயரத்தில் இருக்கும். டிவியின் நடுப்பகுதி அதே உயரத்தில் வர வேண்டும். 43 இன்ச் டிவி என்றால் அதன் கீழ் விளிம்பு தரையில் இருந்து சுமார் 30 இன்ச். "இவ்ளோ கீழயா?" என்று மாட்ட வருகிறவர் கேட்பார். ஆமாம், இவ்வளவு கீழேதான். ஹோட்டல் ரிசப்ஷன் மாதிரி நெஞ்சுக்கு மேலே மாட்டினால் கழுத்துக்குத்தான் தண்டனை. தூரத்துக்கு ஒரு கணக்கு, டிவி அளவை 1.6-ஆல் பெருக்குங்கள். 43 இன்ச்சுக்கு ஏறக்குறைய 5 அடி 9 இன்ச், 55 இன்ச்சுக்கு 7 அடியைக் கொஞ்சம் தாண்டும். பத்தடி அகல ஹாலுக்கு 75 இன்ச் டிவி வாங்கியவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் தாண்டிவிடலாம்.

ஃபயர்பிளேஸ் உள்ள வீடு என்றால்...

குன்னூரில் பழைய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், கனடா, லண்டனில் வீடு வாங்கியவர்கள் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

ஃபயர்பிளேஸ் சுவரில் சிக்கல் இரண்டு மடங்கு. டிவியும் 'என்னைப் பார்' என்கிறது, நெருப்பும் 'என்னைப் பார்' என்கிறது. எதை நடுவில் வைப்பது? "ஃபயர்பிளேஸுக்கு மேலயே டிவியை மாட்டிட்டா ரெண்டும் ஒரே இடத்துல வந்துடுமே" என்பது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. இது வேண்டாம். நெருப்பு மேடை, அதற்கு மேல் மரப் பலகை, அதற்கும் மேல் டிவி என்றால் அது நின்றுகொண்டு பார்க்கிற உயரத்துக்குப் போய்விடும். அதைவிட முக்கியம், பல டிவிகளை 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரைக்கும்தான் இயக்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். எரிகிற கணப்புக்கு மேல் சுவர் அதைத் தாண்டுவது சுலபம். டிவி போனாலும் பரவாயில்லை என்றால், வாரன்ட்டியும் சேர்ந்து போகும்.

டிவியை ஃபயர்பிளேஸுக்குப் பக்கத்தில், அகலமாக இருக்கும் பக்கம், தாழ்வாக வையுங்கள். குறுகலான பக்கத்தைக் காலியாக விடலாம், அல்லது ஒல்லியாக உயரமாக ஒரு கண்ணாடி மாட்டலாம். பிறகு இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்ட ஒரு கோடு வேண்டும். ஃபயர்பிளேஸின் மேல் பலகை இருக்கிறது அல்லவா, அந்த உயரத்திலேயே டிவிக்கு மேலும் ஒரு பலகையை நீட்டி ஓட விடுங்கள். சுவரின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடு. நெருப்பு ஓரத்தில் இருப்பது அதற்குப் பிறகு தப்பாகத் தெரியாது, வேண்டுமென்றே அப்படி வைத்த மாதிரி தெரியும். கீழேயும் அதே உத்தி செல்லும். நெருப்பு மேடையின் உயரத்திலேயே டிவி ஸ்டாண்டையும் ஒரு நீளத் திண்ணையாகக் கட்டிவிடலாம். சிமென்ட் திண்ணை கட்டுவது நம் கொத்தனாருக்கு வாழைப்பழம் உரிக்கிற வேலை.

ஃபயர்பிளேஸை ஓரத்தில் வைத்தாலே அழகு கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1935-ல் வடிவமைத்த 'ஃபாலிங் வாட்டர்' வீட்டின் படங்களைத் தேடிப் பாருங்கள். அருவி மேல் நிற்கிற வீடு. அந்த இடத்தில் கிடந்த பாறையை வெட்டி எடுக்காமல், அதையே ஹாலின் கணப்பு மேடையாக விட்டுவிட்டார். தரையைக் கிழித்துக்கொண்டு கரடுமுரடாகப் பாறை எழும்பி நிற்கும். பக்கத்தில் கணப்புக்குள் ஆடித் திரும்புகிற மாதிரி ஒரு பெரிய சிவப்பு உருண்டைக் கெண்டி. இடப்பக்கம் வலப்பக்கம் என்று எதுவும் பொருந்தாது. அந்த வீடு 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

அழகு இருக்கட்டும், நெருப்பு விஷயத்தில் ரசனைக்கு இடமில்லாத சில அளவுகள் உண்டு. சோபா, திரைச்சீலை, விரிப்பு, விறகுக் கூடை எதுவாக இருந்தாலும் எரிகிற கணப்பில் இருந்து 3 அடி தள்ளி. அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிப்படி, ஃபயர்பிளேஸ் வாயைச் சுற்றி 6 இன்ச்சுக்குள் மரமே வரக்கூடாது. சிறிய ஃபயர்பிளேஸாக இருந்தாலும் வாய்க்கு முன்னால் 16 இன்ச், இரண்டு பக்கமும் 8 இன்ச் தரை கல்லாகவோ டைல்ஸாகவோ இருக்க வேண்டும். இப்போது ஃபேஷனாக இருக்கும் கோடு போட்ட பி.வி.சி பேனலை ஃபயர்பிளேஸை ஒட்டி அடிக்க யாராவது வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, இது அலங்காரத்தைத் தாண்டிய விஷயம். பழைய பங்களாவின் கணப்பு வெறும் அழகுக்காக நிற்கிறதா, உண்மையிலேயே எரிக்கலாமா என்று விசாரிக்காமல் தீ மூட்டாதீர்கள். புகைபோக்கியில் பறவைக் கூடு இருக்கலாம், மேலே சிமென்ட் போட்டு மூடியிருக்கலாம். அதேபோல, குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் எடுத்து வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவது உயிரோடு விளையாடுவது. அதில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மலைப் பிரதேசங்களுக்குச் சுற்றுலா போன இளைஞர்கள் இப்படி தூக்கத்திலேயே இறந்துபோன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், கணப்பை எரிக்க முடியாது என்றால் அதற்குள் மெழுகுவத்தி மாதிரியான எல்.இ.டி விளக்குகளையோ, விறகுத் துண்டுகளை அழகாக அடுக்கியோ வைத்துவிடுங்கள். "இதை ஏற்ற வேண்டாம்" என்று ஒரு சின்ன போர்டும் வையுங்கள்.

சோபா எந்தப் பக்கம் பார்க்கணும்?

சுவர் கோணலாக இருந்தால் சோபா அறையின் நடுவைப் பார்க்க வேண்டியதில்லை. டிவியும் ஃபயர்பிளேஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்த்து சோபாவைப் போடுங்கள். ஃபயர்பிளேஸ் பக்கம் ஒரு ஒற்றை நாற்காலியை லேசாகச் சாய்த்துப் போட்டால், டிவி பார்க்கிறவர்கள் ஒரு குழு, நெருப்பு காய்கிறவர் ஒருவர் என்று இடம் பிரிந்துவிடும். சாதாரண ஹாலில் எல் வடிவ சோபாவின் நீளமான கையை, சுவரின் காலிப் பக்கத்துக்கு எதிரில் வரும்படி போடுவது நல்லது. நடக்கிற வழிக்கு இரண்டரை அடியாவது விட வேண்டும். அந்த வழி எப்போதும் கதவுப் பக்கம்தான் இருக்கும், மாற்ற முடியாது. பெட்ரூமுக்குப் போகிறவர்கள் டிவிக்கு நேர் குறுக்கே நடக்காதபடி அமைந்துவிட்டால், ஐ.பி.எல் சீசனில் குடும்பச் சண்டை பாதியாகக் குறையும்.

டீபாய்க்கும் சோபாவுக்கும் நடுவில் 14 முதல் 18 இன்ச். கீழே விரிப்பு போட்டால், சோபாவின் முன் கால்கள் அதன் மேல் ஏறி நிற்கட்டும். டீபாய்க்கு அடியில் மட்டும் கைக்குட்டை மாதிரி ஒரு விரிப்பு போட்டால் அறை இன்னும் சின்னதாகத் தெரியும்.

ஒரு லிட்டர் பெயின்ட் போதும்

முழுச் சுவருக்கும் அடர் நிறம் அடித்தால் கதவும் சேர்ந்து எடுப்பாகத் தெரியும். அதற்குப் பதிலாக, டிவிக்குப் பின்னால் மட்டும் ஆறடிக்கு ஏழடி அளவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு செவ்வகத்துக்கு மட்டும் நிறம் அடிக்கலாம். அந்தச் செவ்வகத்தின் நடுவில் டிவி. கண் அந்தச் செவ்வகத்தைத்தான் சுவராக எடுத்துக்கொள்ளும், கதவு பின்னால் போய்விடும். 42 சதுர அடிதான், எமல்ஷன் ஒரு லிட்டரில் இரண்டு கோட் அடித்தும் மிஞ்சும். சொந்த வீடாக இருந்தால் கதவையும் சுவரின் நிறத்திலேயே அடித்துவிடலாம். தேக்குக் கதவுக்கு பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லும்போது மட்டும் நான் பக்கத்தில் இல்லை.

விளக்கு விஷயத்தில் நம் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. சீலிங்கில் பளீர் வெள்ளை டியூப், 6,500 கெல்வின். படிக்க, பூக்கட்ட, காய் நறுக்க அது சரி. ஆனால் சுவரின் எல்லா மூலையையும் ஒரே மாதிரி காட்டிக்கொடுத்துவிடும், கோணலையும் சேர்த்து. சாயங்காலத்துக்கு 2,700 அல்லது 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்றை சுவரின் காலிப் பக்கத்து மூலையில் வைத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கும் எடை உண்டு. இருட்டாகக் கிடந்த பக்கம் கனம் பெற்று, டிவிப் பக்கத்துக்கு ஈடு கொடுக்கும்.

எல்லாம் செய்தும் ஏதோ அசிங்கமாக இருக்கிறதா? வயரைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ், மோடம், ஸ்பீக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றின் வயரும் டிவிக்குக் கீழே நூடுல்ஸாகத் தொங்கும். சுவரின் நிறத்திலேயே கேசிங் பட்டி வாங்கி, செங்குத்தாக ஒரே கோட்டில் இறக்கிவிட்டால் போதும்.

வாடகை வீடா?

"ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்று சொல்லித்தான் பெரும்பாலான ஹவுஸ் ஓனர்கள் சாவியே கொடுக்கிறார்கள். காலி பண்ணும்போது ஓட்டைக்கு இவ்வளவு என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. நல்ல செய்தி என்னவென்றால், மேலே சொன்ன மூன்றாவது வழிக்கு ஆணியே தேவையில்லை. டிவியை 20 இன்ச் உயர ஸ்டாண்டில் வைக்கலாம். கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரும், பாதகமில்லை. அலமாரியும் தரையில்தான் நிற்கப்போகிறது. படங்களை மாட்டாமல் அலமாரி மேல் சாய்த்து வைக்கலாம். மாட்டத்தான் வேண்டும் என்றால், கேலரிகளில் பின்பற்றும் அளவு, படத்தின் நடு தரையில் இருந்து 57 இன்ச்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஓனரிடம் போராடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால், அந்த உயரமான அலமாரியின் உச்சியை சுவரோடு சேர்த்து ஒரு எல் கிளாம்ப் போட்டு முடுக்கியே ஆக வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் டிவிக்கும் பின்னால் பெல்ட் மாதிரி ஒரு பட்டி போட வேண்டும். டிராயரைப் படியாக்கி ஏறுகிற வயது அது, இழுத்தால் மொத்தமும் மேலே சாயும். "இரண்டு ஸ்குரூ மட்டும் போடுகிறேன், காலி பண்ணும்போது பட்டி பார்த்து அடைத்துக் கொடுத்துவிடுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்து மூலமாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டை போடும் இடம் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ, நேர் கீழேயோ வேண்டாம். சுவருக்குள் வயர் ஓடும் பாதை பெரும்பாலும் அதுதான். காலி செய்யும் நாளுக்கு முந்தைய வாரம், ஸ்குரூவைக் கழற்றி வால் புட்டியை ஓட்டையில் அழுத்தி, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, அதே நிற பெயின்ட்டில் ஒரு தொடு தொட்டுவிட்டால் போதும். அதற்காகவாவது, பெயின்ட் டப்பாவின் ஷேட் நம்பரை இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.